38,500 ரூபாயில் ஒரு மடிக்கணினி

‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க’ என்று ஒரு சொலவடை உண்டு. முதல்முறையாக மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகும் மாணவர்கள் பலரின் நிலைமை இதுதான். கடையில் எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று விலைச்சீட்டு ஒட்டிய பெட்டிகள் வரிசையாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கும். பையில் இருப்பதோ அதில் பாதி. அந்தப் பாதிக்குள் எது தேவை, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கழுதை மேய்க்க வேண்டியதில்லை. தெரியாவிட்டால் எண்பதாயிரம் கொடுத்தாலும் ஏமாற்றம்தான்!

2024 ஜூலையில் பள்ளிபாளையத்தில் ஒரு வீட்டில் இந்தக் கணக்கு நடந்தது. அப்பா விசைத்தறி ஓட்டுபவர். மகளுக்குக் கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். சேர்ந்த மூன்றாம் நாளே சீனியர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டார்கள். ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 1 டிபி, கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்.’

அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏங்கண்ணு, இதெல்லாம் சேர்த்தா எவ்வளவு ஆகும்?”

“எழுவதாயிரத்துக்கு மேல ஆகும்மா.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்.

பணம் வந்த வழி

அது 50,000 ரூபாய் ஏலச்சீட்டு. 20 பேர், மாதம் 2,500 ரூபாய், 20 மாதம். அம்மா 14-வது மாதத்தில் 4,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுத்தார். சீட்டுக்காரர் கமிஷன் 2,500 போக, கைக்கு வந்தது 43,500. விடுதியில் சாப்பாட்டுக்கு முன்பணம் 5,000 கட்ட வேண்டும். மீதி 38,500. இதற்குமேல் ஒரு ரூபாயும் கிடையாது. இன்னும் ஆறு மாதம் சீட்டுப் பணம் கட்டியாகவும் வேண்டும்.

மடிக்கணினி வாங்குவது பற்றி எழுதப்படும் கட்டுரைகள் எல்லாம் ‘முதலில் பட்ஜெட்டை முடிவு செய்யுங்கள்’ என்றுதான் தொடங்குகின்றன. ஆனால் பல வீடுகளில் பட்ஜெட்டை யாரும் முடிவு செய்வதில்லை. அது தானாக முடிவாகி வந்து நிற்கும். அதற்குள் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

ஒரு தாள், மூன்று கட்டம்

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். சீனியர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது அவங்களுக்கு வேணும்னு நினைக்கிறது. உனக்கு என்ன வேலைன்னு நீ எழுது” என்று ஒரு தாளை மூன்று கட்டமாக மடித்துக் கொடுத்தார். தினமும் செய்வது, மாதம் ஒருமுறை செய்வது, எப்போதாவது செய்வது.

அவள் எழுதியது இவ்வளவுதான்.

தினமும்: சி, பைத்தான் புரோகிராம் எழுதிப் பார்ப்பது. பிடிஎஃப் குறிப்புகள் படிப்பது. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப். என்பிடெல் வீடியோ பாடங்கள்.

மாதம் ஒருமுறை: அசைன்மென்ட் தட்டச்சு, ஸ்லைடு தயாரிப்பது, மைஎஸ்க்யூஎல் பயிற்சி.

எப்போதாவது: வீடியோ வெட்டி ஒட்டுவது. மூன்றாம் ஆண்டில் ஒரு புராஜெக்ட்.

“கேம்ஸ்?” என்று அக்கா கேட்டார். “இல்லக்கா.” “நிஜமாவா?” “நிஜமாத்தான்.” கிராபிக்ஸ் கார்டு அந்த இடத்திலேயே அடிபட்டது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வைத்த பெட்டிகள் விலை கூடியவை, கனமானவை, பேட்டரியை வேகமாகக் குடிப்பவை. விளையாட்டு, முப்பரிமாண வரைகலை, பெரிய அளவில் வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்கு அது தேவை. முதலாமாண்டு சி புரோகிராமுக்கு அது எதற்கு?

தாளின் பின்பக்கத்தில் அக்கா இன்னொரு கேள்வியும் எழுதச் சொன்னார். எங்கே வைத்து வேலை செய்யப் போகிறாய்? விடுதி அறையில் நான்கு பேர், இரண்டே பிளக் பாயிண்ட். வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாதம் இரண்டுமுறை ஈரோட்டுக்கு ரயில். எடையும் பேட்டரியும் பட்டியலுக்குள் வந்தது இப்படித்தான். சீனியர்களின் பட்டியலில் இவை இரண்டும் இல்லவே இல்லை.

ஐ7 என்றால் வேகமா?

பெரும்பாலோர் ஏமாறும் இடம் பிராசசரின் பெயர். ஐ3 மட்டம், ஐ5 பரவாயில்லை, ஐ7 உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே வகைச் சில்லுகளுக்குள் அது ஓரளவு சரி. தலைமுறை மாறினால் கதையே மாறிவிடும். 2015-ல் வந்த ஐ7-6600யூ-வில் இருப்பது இரண்டே கோர். 2022-ல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு கோர். பெயரில் ஐ7 என்று இருந்தாலும் பழையது புதிய ஐ3-க்குப் பின்னால்தான் ஓடும். கோடு போட்ட பிறகு வரும் எண்ணில் தொடக்கம்தான் தலைமுறை. 6600 என்றால் ஆறாவது, 1215 என்றால் பன்னிரண்டாவது. கடைசியில் வரும் யூ என்ற எழுத்து மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. எச் என்றால் வேகமும் சூடும் அதிகம். 2023 இறுதியில் இன்டெல் ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப் பெயர்கள் வைக்கத் தொடங்கியது. அதனால் இப்போது இரண்டு விதப் பெயர்களும் கலந்தே கிடக்கின்றன.

ஏஎம்டி பக்கமும் ஒரு சூட்சுமம் உண்டு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். ஆனால் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520-ல் அது 2, அதாவது 2019-ல் முதலில் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530-ல் அது 3, அதாவது ஜென் 3, ஆறு கோர். ஓர் இலக்கத்தில் இத்தனை வித்தியாசம்! கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ராமும் தட்டும்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஓடும் என்பது வேறு, வேலை செய்ய முடியும் என்பது வேறு. பத்து டேப் திறந்து, வீடியோ ஓடவிட்டு, பக்கத்தில் புரோகிராம் எழுதினால் 4 ஜிபி மூச்சு முட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிகள் இந்த ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே 8 ஜிபி என்பது அடித்தளம்.

16 ஜிபி நல்லதுதான், பணம்தான் இல்லை. இங்கேதான் அக்கா முக்கியமான விஷயத்தைச் சொன்னார். “எத்தனை ஜிபின்னு மட்டும் கேக்காத. பின்னாடி சேர்க்க முடியுமான்னு கேளு.” சில மெல்லிய பெட்டிகளில் ராம் முழுவதும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். சிலவற்றில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். இன்று 8 ஜிபி வாங்கிவிட்டு, பணம் வரும்போது இன்னொரு 8 சேர்க்கலாம். வசதி குறைந்த வீட்டுக்கு அந்தக் காலி ஸ்லாட் ஒரு தவணை மாதிரி, அதுவும் வட்டியில்லாத தவணை!

தட்டு விஷயத்தில் சமரசம் கூடாது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 1 டிபி கிடைக்கிறது என்று மயங்குவதைவிட எஸ்எஸ்டி 512 ஜிபி மேல். பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்க ஆகும் நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மிக மலிவான சில பெட்டிகளில் 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருக்கும். அது எஸ்எஸ்டியைவிட மெதுவானது, இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதினெட்டாயிரத்து ஆசை

சனிக்கிழமை கூலி வாங்கியதும் அப்பா தறிக்கு ஒரு நேரம் லீவு போட்டார். மூன்று பேரும் ஈரோட்டில் கடை ஏறினார்கள்.

முதல் கடையில் பழைய மடிக்கணினிகள். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்தவை, துடைத்துப் புதிதுபோல் வைத்திருந்தார்கள். 18,000 ரூபாய்க்கு ஐ5, 8 ஜிபி ராம், உறுதியான உடம்பு, அருமையான கீபோர்டு. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இருபதாயிரம் மிச்சம் ஆகுமே!

மகள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல் பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ல் முடியப்போகின்றன என்பதும் அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. அவள் படிப்பு முடிவது 2027-ல். பேட்டரிக்கும் உத்தரவாதம் இல்லை என்றார் கடைக்காரர்.

பழையது வாங்குவதே தப்பு என்று இதற்குப் பொருளில்லை. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகவும், பேட்டரி மாற்றியதாகவும், ஆறு மாதமாவது உத்தரவாதத்தோடும் கிடைத்தால் பலருக்கு அதுவே புத்திசாலித்தனம். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஏழாம் தலைமுறைகூடப் பல ஆண்டு ஓடும். ஆனால் பாட ஆய்வகத்தில் எல்லாம் விண்டோஸ், ரிப்பேர் பார்க்க ஊரில் ஆள் இல்லை, மூன்றாண்டு ஓடியாக வேண்டும் என்ற நிலையில் அந்தப் பதினெட்டாயிரம் மிச்சமா செலவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் கடையை விட்டு இறங்கினார்கள். அம்மா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தவணை என்னும் தூண்டில்

இரண்டாவது கடை ஏசி போட்ட பெரிய கடை. விற்பனையாளர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். சிவப்பு விளக்கு எரியும் கீபோர்டு, கிராபிக்ஸ் கார்டு, 62,000 ரூபாய். “கையில ஒண்ணும் கட்ட வேண்டாம் சார். பன்னெண்டு மாசத் தவணை. வட்டியே கிடையாது.”

12 மாதம் என்றால் மாதம் 5,167 ரூபாய். கூடவே பரிசீலனைக் கட்டணம் என்று தனியாக ஒன்று. மொத்தமாகப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடையாதாம். அப்படியானால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள ஆடிட்டர் தேவையில்லை.

மகளுக்கு அந்தப் பெட்டி பிடித்துவிட்டது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கீபோர்டின் மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, தறி ஓடுனாத்தானுங்க எனக்குக் கூலி. நூல் விலை ஏறிப்போச்சுன்னு ஓனர் ஒரு மாசம் நிறுத்திப்போட்டார்னா, இந்தத் தவணைய யாருங்க கட்றது?”

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. மகள் கையை எடுத்துக்கொண்டு, மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். “இதுக்கு என்னங்க இருக்கு?”

அந்தப் பையனையும் பாராட்ட வேண்டும். தாளைப் படித்துவிட்டு, கடையின் பின்வரிசையில் வெள்ளிநிறத்தில் சாதாரணமாக இருந்த ஒரு பெட்டியைக் காட்டினான். ஐ3-1215யூ, 8 ஜிபி ராம், ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை, 1920-க்கு 1080, விண்டோஸ் 11. எடை 1.7 கிலோ. விலை 35,900.

பேட்டரி 42 வாட்-ஹவர் என்று இருந்தது. இதைக் கணக்குப் போடுவது சுலபம். படிப்பது, தட்டச்சு செய்வது போன்ற வேலைக்குப் பெட்டி சராசரியாக 8 வாட் எடுத்தால், 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மணிநேரம் சொச்சம். ‘பத்து மணிநேரம் ஓடும்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்புவதைவிட இந்த வகுத்தல் கணக்கு நம்பகமானது. வீடியோ ஓடவிட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் குறையும்.

விட்டுக்கொடுத்தவை

35,900-க்கு எல்லாம் கிடைத்துவிடாது. கீபோர்டில் விளக்கு இல்லை. உடம்பு பிளாஸ்டிக். கைரேகை வைத்துத் திறக்கும் வசதி இல்லை. கேமரா சுமார். திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான், அறைக்குள் போதும், வெயிலில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. இவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘இது இல்லாவிட்டால் படிப்பு நிற்குமா?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் அடித்தாள். எதுவும் நிற்காது.

பில் போடும்போது வைரஸ் தடுப்பு மென்பொருள் 1,200 ரூபாய் என்றார்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது, சாதாரண மாணவருக்கு அது போதும். வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உத்தரவாதம் ஓர் ஆண்டு. சர்வீஸ் சென்டர் கோவையில் எங்கே இருக்கிறது, ஆள் வந்து பார்ப்பாரா அல்லது தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேட்டுப் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பில்லில் விலை 30,424, ஜிஎஸ்டி 5,476 என்று பிரித்துப் போட்டிருந்தது. 18 சதவீதம். அம்மா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு மாசச் சீட்டுப் பணம் வரிக்கே போயிருச்சே!”

மீதி 2,600 ரூபாய். அதில் ராம் வாங்கி இப்போதே போட்டுவிடலாமா என்று மகளுக்கு ஒரு யோசனை. அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த மாதச் சீட்டு, கழிவு போக 2,300 கட்ட வேண்டுமே!

பிறகு

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் 512 ஜிபி என்று வாங்கிய தட்டு 476 என்று காட்டியது. ஏமாற்றிவிட்டார்களோ என்று ஒரே கலவரம். ஒன்றுமில்லை... தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

முதல் ஆண்டு முழுக்க அந்தப் பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அறையில் இரண்டே பிளக் என்பதால் மற்றவர்கள் முறை வைத்து சார்ஜ் போட்டபோது, இவளுக்கு இரவு ஒருமுறை போட்டால் மறுநாள் வகுப்புகளுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில்தான் இடித்தது. ஒரு போட்டிக்காகக் கைப்பேசிச் செயலி எழுத வேண்டி வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, கூடவே எமுலேட்டரையும் ஓடவிட்டால் 8 ஜிபி ராம் திணறிப் பெட்டி அப்படியே நின்றுவிடும். சீனியர்கள் சொன்ன 16 ஜிபி முழுப் பொய்யில்லை, முதல் நாளே தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். எமுலேட்டரை விட்டுவிட்டு, தன்னுடைய கைப்பேசியையே யூஎஸ்பி கம்பியில் மாட்டிச் செயலியை அதில் ஓட்டிப் பார்த்தாள். அப்படியே போட்டிக்கும் கொடுத்தாள். அதன்பின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் டியூஷன் எடுத்த காசில் அந்தக் காலி ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வந்தது. அம்மாவிடம் கேட்கவில்லை.

இந்த விலைகள் 2024 ஜூலைக்கானவை. 2025-ன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. ஆகவே இதே எண்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது. மூன்று கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போகலாம். அது எந்த ஆண்டிலும் செல்லும்.

சீட்டு 2025 ஜனவரியில் முடிந்தது. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று அம்மா தொலைபேசியில் மகளிடம் சொன்னாராம்: “இப்பத்தான் கண்ணு அந்தப் பெட்டி நம்மளுது.”